சொந்தக் கைவேலை

“இந்த இறக்கையில மொத்தம் முந்நூத்தி அறுபது இறகு. ஆறு மாசம் தூக்கமில்லாம, ஒவ்வொண்ணா நானே வெட்டி நானே ஒட்டினேன்” என்று கழுகுராணி மைக்கைப் பிடித்துக்கொண்டு தழுதழுத்தாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மேடையோரம் வரிசையில் நின்ற டைலரக்காவும் கைதட்டினாள். இறகு நானூற்றுப் பத்து. வெட்டியவளுக்குத்தானே எண்ணிக்கை தெரியும்? தன் உழைப்புக்குத் தானே கைதட்டிக்கொள்ளும் பாக்கியம் எல்லோருக்குமா வாய்க்கிறது!

வெளியிலிருந்து பார்த்தால் அவளுடையது பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் வைத்து, பேன்ட்டுக்கு நீளம் குறைத்துத் தரும் கடைதான். பின்னறையில் மட்டும் ஃபோம் ஷீட்டும் பசையுமாக அரக்கர்களும் விண்வெளி வீரர்களும் பிறந்துகொண்டிருப்பார்கள். காஸ்பிளே என்று கற்பனைப் பாத்திரங்களாக வேஷம் கட்டிப் போட்டிக்குப் போகிறவர்கள் போனில் அளவு சொல்வார்கள். உடை பார்சலில் போகும்.

ஒருவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. கழுகுராணியைக்கூட இறக்கையையும், வலது தோளைவிட அரை அங்குலம் இறங்கிய இடது தோளையும் வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

போட்டிக்கு ஒரே ஒரு விதி. உடையைப் போட்டிருப்பவரே அதைச் செய்திருக்க வேண்டும். அதை நோட்டீஸில் அச்சடித்தவருக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் அதிகம்.

“பேசாம வீட்டுக்குப் போயிடலாங்க. இந்த வயசுல எனக்கு இது தேவையா?” என்றாள் டைலரக்கா, பக்கத்தில் பசை பாட்டிலும் ஊசிநூலுமாக நின்ற கணவரிடம்.

“மீன் வேஷத்தைப் போட்டுட்டுக் கரையில நின்னா எப்படி? போ, போ.”

“மீன் இல்லைங்க, கடல் சேனாதிபதி.”

“சரிங்க சேனாதிபதி. மைக்ல உம் பேரைக் கூப்பிடுவாங்கல்ல, அதைக் காதால கேட்டுட்டுப் போயிடலாம்.”

அதற்காகத்தான் அவளும் வந்திருந்தாள். பதினோரு வருஷமாக எத்தனையோ மேடைகளில் பரிசு வாங்கியிருக்கிறாள். ஒரு மேடையிலும் ஏறியதில்லை.

பேரைக் கூப்பிட்டார்கள். தப்பாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் கூப்பிட்டார்கள்.

விளக்கு வெளிச்சம் பட்டதும் கவசத்தின் செதில்கள் நீலமும் வெள்ளியுமாக மின்ன, கூட்டம் மொத்தமும் போனைத் தூக்கிப் படம் பிடித்தது. தலைமை நடுவர் மூக்கு நுனியில் கண்ணாடியோடு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இதை நீங்களே செஞ்சீங்களா?”

“ஆமாங்க மேடம்.”

“யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“யார்கிட்டயும் இல்லீங்க. வெட்டிப் பார்த்து, ஒட்டிப் பார்த்து, பாழாக்கிப் பார்த்துத் தானா வந்தது.”

“உள்பக்கம் பார்க்கணும்” என்ற நடுவர், இடது அக்குளுக்கடியில் கைவிட்டு, வெளியே தெரியாத கொக்கியை ஒரே இழுப்பில் கழற்றினார். அன்று காலை அதே கொக்கியைக் கண்டுபிடிக்க அவள் கணவருக்குக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

உள்தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

“வருத்தமா இருக்கு. இந்த மடிப்பு, இந்த ஓரத் தையல் எல்லாமே நம்ம சாம்பியன் கழுகுராணியோட பாணி. இது அப்பட்டமான காப்பி. இவங்களைப் போட்டியில இருந்து நீக்கறோம்.”

கூட்டம் ‘ச்சே’ கொட்டியது. கழுகுராணிக்குத் தங்க மனசு. “விடுங்க மேடம். என்னைப் பார்த்து நாலு பேர் கத்துக்கிட்டா எனக்குப் பெருமைதானே?” என்று நானூற்றுப் பத்து இறகையும் விரித்து டைலரக்காவைக் கட்டியணைத்துக்கொண்டாள். போட்டோ எடுத்தார்கள்.

கீழே நின்ற கணவர், “ஏம்மா, அந்த இறக்கையே...” என்று ஆரம்பித்தார். டைலரக்கா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

உடை மாற்றும் அறைக்குள் வந்ததும் அவர் வெடித்தார். “எல்லாத்தையும் போட்டு உடைச்சிருக்கலாம்ல? ஏன் வாயை மூடிக்கிட்டு நின்னே?”

“அளவு குடுத்தவங்க மானம் நம்ம கையிலங்க. அதைக் கூறு போட்டு விக்கச் சொல்றீங்களா?” கண்ணில் நீர் முட்டியது. முகத்தில் பூசிய நீலம் கவசத்தில் வழிந்துவிடுமே என்று புறங்கையால் ஒற்றிக்கொண்டாள். “நடுவரம்மா மேலயும் தப்பில்ல. அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்? கண்ணுல பட்டதை நேர்மையாச் சொன்னாங்க.”

கதவு திறந்தது. அந்த நேர்மையே நேரில் வந்து உள்ளே நின்று, கதவைத் தாழிட்டது.

“மன்னிச்சிடுங்க டைலரக்கா” என்றார் நடுவர்.

தையல்காரி என்று அங்கே யாரிடமும் அவள் மூச்சுக்கூட விட்டதில்லை. “உங்களுக்கு... என்னைத் தெரியுமா மேடம்?”

“உங்க கைவேலைன்னு பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா காப்பின்னு சொன்னீங்க?”

நடுவர் தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க மேடையேறி ஜெயிச்சிட்டா, எங்களுக்கெல்லாம் யாரு அக்கா தைச்சுக் குடுப்பா?”