பத்து ரோட்டுச் சாட்சி

"நாப்பத்தேழு வெள்ளி அறுபது காசு. அந்தக் கடன நீ தர வேணாம், முருகையா. இந்தப் பய வாயிலேருந்து உண்மைய மட்டும் வாங்கிக் குடுத்துடு."

ரெங்கசாமி கங்காணி இதைக் காதோடு காதாகச் சொல்லிவிட்டு, முருகையாவைத் தள்ளாத குறையாக லயத்து வீட்டுக்குள் அழைத்துப் போனார். உள்ளே பாய் விரித்திருந்தது. நடுவில் நிச்சயதார்த்த வெற்றிலைத் தட்டு. மாற்ற வேண்டிய நேரம் தாண்டியும் அது மாறாமல் கிடந்தது.

மாப்பிள்ளை நாகப்பன் சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். ஆள் வாட்டசாட்டம், பேச்சில் பணிவு. கங்காணி மகள் ஜெயாவுக்கும் பிடித்துப்போயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பக்கத்து லயத்து வேலாயி காலையில் வந்து ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போகும் வரை. அவனுக்குப் பீடோரில் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டியும் கைக்குழந்தையும் உண்டாம். எழுபதில் ஆரம்பித்து நாலு வருஷம் அங்கேதான் குடித்தனமாம்.

நாகப்பன் பதறவில்லை. அந்த நாலு வருஷமும் தான் கோலாலம்பூரில், பத்து ரோட்டில், ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்ததாகச் சொன்னான். முதலாளி இறந்துபோய்க் கடை கைமாறிவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். சாட்சிக்கு ஆள் இல்லை.

அதனால்தான் முருகையாவுக்கு ஆள் போனது. தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் அவருக்குத் தோட்டத்தில் 'பத்து ரோட்டு முருகையா' என்றே பெயர். மலைக்கு வருமுன் அங்கே மூட்டை தூக்கினவர் என்பது ஊரறிந்த சங்கதி. மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்குவதே பெரிய பயணமாக இருந்த சனங்களுக்கு அந்தத் தெரு அவர் வாய்வழியாகத்தான் தெரியும்.

"கேளு" என்றார் கங்காணி.

முருகையா கையில் கொடுத்த டீயை ஒரே மடக்கில் குடித்தார். "நீயே சொல்லு தம்பி. காலையில கட தொறக்கறப்ப தெரு எப்படி இருக்கும்?"

நாகப்பன் நிதானமாகச் சொன்னான். கடைக்குக் கடை காவல் காக்கும் பஞ்சாபி பாய்மார் எழுந்து கயிற்றுக் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைப்பார்களாம்; தலைப்பாகையை அப்புறம்தான் கட்டுவார்களாம். வாசல் தெளித்த ஈரம் காயுமுன் பூக்காரிகள் வந்துவிடுவார்களாம். சனிக்கிழமை சாயங்காலம் தெருவை அடைத்துப் பாசார் மாலாம் என்னும் ராச்சந்தையாம். சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் வியாபாரமாம்.

"முன்ன எப்படி இருந்த தெருன்னு முதலாளி சொல்லியிருப்பாரே."

அதையும் சொன்னான். ஈயம் தோண்டின காலத்தில் மாட்டுவண்டித் தடம். ஜப்பான்காரன் காலத்தில் பாதிக் கடையில் பூட்டு. அப்புறம்தான் துணிக்கடைகள் வரிசை கட்டினவாம். எழுபத்தொன்று வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் வர, பட்டுக்கட்டுகளைத் தோளில் தூக்கி மாடிக்கு ஏற்றினானாம்.

முருகையா எதையும் மறுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். வெளியே மலைக்குளிர் விறைத்துக்கொண்டு நிற்க, அவர் கழுத்தில் வியர்த்தது. கங்காணியின் பார்வை அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

கங்காணி பெண்சாதி ருக்குமணிக்கு மனசு ஆறவில்லை. "வெள்ளத்தப் பத்தி ரேடியோவுலயே சொன்னாங்க. கடக்குள்ள இருந்தவனுக்கு மட்டும் தெரிஞ்சதா ஒண்ணு சொல்லச் சொல்லுங்க."

நாகப்பன் சிரித்தான். "எங்க கட வாசல்ல ஒரு பச்சக்கிளி இருந்துச்சு அத்தே. பொம்பளைங்க வந்தா, 'வாங்கக்கா, பட்டு இருக்கு'ன்னு கூப்பிடும். தெனம் அதுக்கு மொளகா குடுக்கறதே நான்தான்லா."

அவ்வளவுதான், அறையே இளகிவிட்டது. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் சிரித்து வளர்ந்த கிளி அது. நம்ம முருகையா சொல்லும் அதே கிளி என்று கங்காணி தொடையில் தட்டினார். வேலாயியின் வாயில் புழு விழ என்று யாரோ சபித்தார்கள். ருக்குமணி குங்குமம் எடுக்க எழுந்தாள். கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கியது.

முருகையா மட்டும் அசையவில்லை.

"ஒரு வார்த்த சொல்லு முருகையா, தட்ட மாத்திடலாம்."

"சொல்லுங்கண்ணே" என்றான் நாகப்பன். "ஒரே தெருக்காரங்க நாம."

முருகையா வெற்றிலைத் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "மாத்தாதீங்க. இவன் அந்தத் தெருவுல இருந்ததே இல்ல. பீடோருக்கு ஆளனுப்பி விசாரிங்க."

நாகப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது. கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது. வெள்ளம் சரி, பாசார் மாலாம் சரி, கிளி வரைக்கும் சரியாகச் சொல்கிறான், பிறகு எதை வைத்து இல்லை என்கிறாய் என்று அதட்டினார். கடனுக்குப் பயந்து உளறுகிறாயா என்றும் கேட்டார்.

முருகையா தலை நிமிரவில்லை.

"கிளிய வச்சுத்தான் சொல்றேன் கங்காணியாரே. மழ நாள்ல புள்ளைங்க சிரிக்கட்டும்னு நான் கட்டிவிட்ட கிளி அது, ரிங்லெட்டு வரைக்கும் பறந்து போயிருக்கு. பத்து ரோட்டுல என்னா இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும், நான் தாப்பாவத் தாண்டினதே இல்ல."

கங்காணி தட்டை எடுத்து ருக்குமணியிடம் நீட்டிவிட்டு, முருகையாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கடன் தீந்துச்சு. நீ கெளம்பு."