பிரேக் மாஸ்டரின் பட்டினி

“ஏறிட்டேன். பாத்துச் சொல்லு” என்றார் பிரேக் மாஸ்டர், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

டிரைவிங் ஸ்கூலில் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, சொல்லிக்கொடுப்பதைவிட பிரேக்கை மிதிப்பதுதான் அதிகம் என்பது அவர்கள் கட்சி.

மனைவி எடை மெஷின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தினமும் காலையில் அவளுக்கு இது ஒரு வேலை. அவரே குனிந்து பார்த்தால் முள் ஆடிவிடும். குனியாமல் பார்க்கலாமென்றால் நடுவில் தொந்தி.

“அரைக் கிலோ ஏறியிருக்கு” என்றாள்.

“நேத்து காலையில பச்சைத் தண்ணி பல்லுல படலை. எப்படி ஏறும்?”

“என்னைக் கேட்டா? முள்ளைக் கேளுங்க.”

முள்ளைக் கேட்க முடியாததால், சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, “ஸ்பூன் சத்தம் போடாம சாப்பிடத் தெரியாதா உனக்கு?” என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

எல்லாம் ஸ்கூலுக்குப் புது கார் வந்த நாளில் ஆரம்பித்தது. சின்னக் கார். மூச்சைப் பிடித்தால்தான் அவருக்கு சீட் பெல்ட் பூட்டும். பின் சீட்டில் காத்திருந்த ஒரு பெண், “மாஸ்டர் ஏறினா வண்டி ஒரு பக்கமா சாயுது” என்றாள். ஸ்டியரிங் பிடித்திருந்தவனும் சேர்ந்து சிரித்தான். மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளே ஒரு எடை மெஷின் வாங்கினார். காலைச் சாப்பாட்டை நிறுத்தினார்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்?

“காலையில சாப்பிடவே சாப்பிடாதீங்க மாஸ்டர். மத்தியானம்தான் முதல் வாய்” என்றான் ஜிம்மில் வேலை பார்ப்பவன், கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டே.

“அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க” என்றார் மருந்துக்கடைக்காரர், ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே. “காலையில சாப்பிடாதவன் மத்தியானம் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவான்.”

பேங்க்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மா இரண்டுக்கும் நடுவில் நின்றார். “சாப்பிடுங்க மாஸ்டர். ஆனா பதினோரு மணிக்கு மேல.”

“அதுக்குப் பேரு காலைச் சாப்பாடாம்மா?”

“பேருல என்ன இருக்கு? அது கிடக்கட்டும், இதுல பிரேக் எது?”

இவர்கள் குழப்பியது போதாதென்று மெஷின் வேறு குழப்பியது. ஜிம்காரன் பேச்சைக் கேட்டுப் பட்டினி கிடந்தால், மறுநாள் எடை ஏறியது. மருந்துக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டால், மறுநாள் இறங்கியது. பட்டினி கிடந்தால் ஏறும், சாப்பிட்டால் இறங்கும் என்று உலகத்தில் ஓர் உடம்பு உண்டா? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புரியாவிட்டால் என்ன, இறங்கினால் சரி. தினமும் காலையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். மனைவி படித்துச் சொன்ன கணக்கில் மூன்று கிலோ குறைந்தது. ஜிம்காரனுக்கே பாடம் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

ஒருநாள், லைசென்ஸ் வாங்கிய சந்தோஷத்தில் மருந்துக்கடைக்காரர் அவரைக் கடைக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு எடை மெஷின். எண்கள் கண்ணுக்கு நேராகத் தெரியும் ரகம். பிரேக் மாஸ்டர் மிடுக்காக ஏறி நின்றார்.

பட்டினியை ஆரம்பித்த அன்றைக்கு என்ன எடையோ, அதே எடை. ஒரு கிராம் குறையவில்லை.

இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். “மெஷின் ரிப்பேரா?”

“புதுசு மாஸ்டர். போன வாரம்தான் வாங்கினேன்.”

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியிடம் பாய்ந்தார். “இத்தனை நாளா நீ படிச்சுச் சொன்னதெல்லாம் பொய்தானே?”

“ஆமா” என்றாள் அவள், தயங்காமல்.

அவர் மறுப்பை எதிர்பார்த்து வந்தவர். “ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது. கட்டின பொண்டாட்டி நீயும் என்னை முட்டாளாக்கிட்டே. நான் இளைச்சா உனக்கு என்ன நஷ்டம்?”

“நீங்க பட்டினி கிடந்தப்பவும் இளைக்கலைங்க. விட்டதை மத்தியானமும் ராத்திரியும் சேத்துப் பிடிச்சிட்டீங்க. சாப்பிட்டாலும் அதே எடை, சாப்பிடாட்டியும் அதே எடை. அப்புறம் எதுக்குப் பட்டினி?”

“அதை நேரா சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“சொன்னேன். ‘உனக்கென்ன தெரியும்’னு தட்டை நகத்தினீங்க. வயிறு காலியா இருந்தா நீங்க எப்படி ஆயிடறீங்கன்னு உங்களுக்கே தெரியாது. உப்பு டப்பா திறந்திருந்தா ஒரு கத்தல். குழாய் சொட்டினா ஒரு கத்தல். பாதித் தட்டுல கையை உதறிட்டுப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு ஓடிடுவா. புள்ளை சாப்பிடாம போனா எனக்கு எப்படிங்க தொண்டையில இறங்கும்?”

“நானா? நான் எங்க கத்தினேன்?” உண்மையாகவே அவருக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அவள் வாதாடவில்லை. மெஷினை இழுத்துப்போட்டு, தானே ஏறி நின்றாள். “இன்னிக்கு நீங்க படிங்க.”

சுவரைப் பிடித்துக்கொண்டு, முக்கி முனகிக் கீழே உட்கார்ந்தார். அவள் எடை என்ன என்று இதுவரை அவர் கேட்டதே இல்லை.

“நாப்பத்தாறு.”

“மெஷின் வாங்கின அன்னிக்கு அம்பது. போனது இன்னும் திரும்பி வரலை” என்றாள் அவள். “பட்டினி கிடந்தது நீங்க. இளைச்சது நாங்க.”