மெஷின் சத்தம்

தேநீர் இடைவேளை. சோப்புத் தொழிற்சாலையில் இயந்திரங்கள் ஓய்ந்திருக்கின்றன. சன்னல் வெயிலில் வெள்ளைத் தூள் மிதக்கிறது. 'ரேடியோ' என்று எல்லாரும் கூப்பிடும் தோழி மேலாளரைப் போல நடந்து காட்ட, பெட்டி கட்டுகிறவள் வயிறு வலிக்கச் சிரிக்கிறாள். அவளுடைய கைப்பேசி அடிக்கிறது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஆறு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் கணவன். சிரிப்பை விழுங்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்குகிறாள். "வேலை ரொம்பக் கஷ்டமாம்மா?" "ஆமாங்க, இடுப்பே விட்டுப்போச்சு." "எனக்காக மாடா உழைக்கிற. அடுத்த மாசம் நடந்துடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்புறம் நீ வேலைக்கே போக வேணாம்." பின்னால் மறுபடி சிரிப்பு வெடிக்கிறது. "அங்க என்ன சத்தம்?" "மெஷின் சத்தங்க" என்கிறாள். அவர் நடக்கப்போகிறார் என்ற சந்தோஷம் எட்டுவதற்குள், 'வேலைக்கே போக வேணாம்' என்றதில் நெஞ்சு திக்கென்றதை நினைத்து, சோப்பு மணக்கும் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.