கொன்னேனா, சொன்னேனா?

“‘நான்தான் கொன்னேன்’னு அவன் சொன்னதா இவர் சொல்றார். இல்ல, ‘நான்தான் சொன்னேன்’னு சொன்னான்னு நான் சொல்றேன். பத்து நாளா எங்க வீட்ல இதே சண்டைம்மா!”

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தையல்காரரின் மனைவி இப்படி ஆரம்பிக்க, ஹோம் தியேட்டர் பிரிவில் நின்றிருந்த விற்பனைப் பெண் ஒரு கணம் விழித்தாள்.

“யாரு யாரைக் கொன்னாங்க அக்கா?”

“அதுதானே தெரியல! படத்தோட கடைசி சீன். மொத்தக் கதையும் அந்த ஒரு எழுத்துல தொங்குது.”

“அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்குமே?”

“முகத்தை யாரு பார்த்தா? இவர் காஜா எடுத்துக்கிட்டிருந்தார், நான் பட்டன் தைச்சுக்கிட்டிருந்தேன். எங்க பொழப்புல கண்ணு ஊசியில இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கும்.”

தையல்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “பழைய ரிசீவர் அன்னிக்கே புகைஞ்சு போச்சும்மா. புதுசு வேணும். பேச்சு தெளிவா கேக்கணும். அதுவும் இந்தத் தொகைக்குள்ள.”

அவர் நீட்டிய அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு எண் எழுதியிருந்தது.

“கொஞ்சம் தாண்டினா பரவாயில்லையா சார்?”

“தாண்டினா ரிசீவரே வேண்டாம், ஒரு ஹெட்போன் போதும்னு முடிவாயிருக்கு.”

“ஹெட்போன் வந்துட்டா எங்க கதை அவ்வளவுதான்!” என்றாள் மனைவி, அழாத குறையாக.

விற்பனைப் பெண்ணுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பெரிய தொகையோடு வருபவர்கள் எதைக் காட்டினாலும் வாங்கிவிடுவார்கள். குறைந்த தொகைக்குத்தான் மூளை வேண்டும்.

“ரிசீவர்ங்கறது கட்டிங் மாஸ்டர் மாதிரி சார். படத்தோட சத்தம் முழுத் துணியா உள்ள வரும். இது அதை வெட்டிப் பிரிச்சு, பாட்டை இடதும் வலதும் இருக்கற ஸ்பீக்கருக்கு, மழையைப் பின்னாடி இருக்கறதுக்கு, இடியைக் கீழ இருக்கற பெட்டிக்கு, பேச்சை நடுவுல இருக்கறதுக்குன்னு அனுப்பும். சும்மா அனுப்பாது, பலம் கொடுத்து அனுப்பும். பழசுல எத்தனை ஸ்பீக்கர்?”

“ரெண்டு. அப்புறம் திடும் திடும்னு ஒரு பெட்டி.”

“பார்த்தீங்களா, நடு ஸ்பீக்கரே இல்ல! ‘ஒன்னேன்’ங்கறது நல்லா நீட்டிக் கேக்கும். அதுக்கு முன்னாடி வர்ற கானாவும் சானாவும் பொடிச் சத்தம். கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள ஓடிப்போயிடும். அந்த நேரம் பார்த்து ஒரு இடி இடிச்சா போச்சு.”

“இடிச்சுதே! அன்னிக்கும் இடிச்சுதே!” என்றாள் மனைவி. “அப்ப என் காதுல கோளாறு இல்ல. கேட்டுக்கங்க.”

“என் காதுலயும் இல்லன்னுதான் அர்த்தம்” என்றார் தையல்காரர்.

அவர் கண் மேல்தட்டில் பளபளத்த ஒன்றின் மேல் போயிற்று. “அது?”

“அது ஒன்பது ஸ்பீக்கருக்கு. நீங்க மாட்டப்போறது அஞ்சும் ஒரு இடிப் பெட்டியும். மீதியைச் சும்மா வச்சுக்க எதுக்குக் காசு? டப்பா மேல போட்டிருக்கற வாட் கணக்கையும் நம்பாதீங்க. ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டு எடுத்த கணக்கா இருக்கும்.” அவள் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை இழுத்தாள். “இது போன வருஷத்து மாடல். புதுசுல கேம் ஆடறவங்களுக்குச் சில வசதி கூட இருக்கு. சத்தத்துல வித்தியாசம் கிடையாது. பேச்சை மட்டும் தனியா ஏத்திக்கலாம். நடு ஸ்பீக்கர், பின்னாடி ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்தே உங்க தொகைக்குள்ள வருது.”

கேட்டுப் பார்ப்பதற்கென்று இருந்த தனி அறையில் ஒரு படத்தை ஓடவிட்டாள். வெளியே மழை கொட்ட, யாரோ ஒருத்தி காதோடு காதாக எதையோ ஒப்புக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது.

“ஒரு நிமிஷம்மா” என்ற தையல்காரர் அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “கேக்குது! இன்னும் ரெண்டு புள்ளி ஏத்தும்மா!”

விற்பனைப் பெண் மனைவியைப் பார்த்தாள்.

“எங்க தையல் மெஷின் டிவிக்குப் பின்னாடி இருக்கும்மா” என்றாள் அவள், அதுதான் உலக வழக்கம் என்பதுபோல.

சிறிய வீடாக இருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு புள்ளி ஏற்றினாள் விற்பனைப் பெண். “இடிப் பெட்டியை மட்டும் குறைச்சு வைங்க அக்கா. அந்தச் சத்தம் சுவரைத் தாண்டிப் போகும். பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க.”

“வரவே மாட்டாங்க” என்றார் உள்ளே வந்த தையல்காரர், அடித்துச் சொல்கிற குரலில்.

பில் புத்தகத்தைத் திறந்தாள். “சாயங்காலமே ஆள் வந்து மாட்டிடுவாங்க சார். வீட்டு நம்பர்?”

“பன்னிரண்டு. பெல் அடிச்சா பல் டாக்டர் வந்து கதவைத் திறப்பார்.”

“உங்க வீட்ல குடியிருக்காரா சார்?”

“அது அவர் வீடும்மா. டிவியும் அவரோடது, பணமும் அவரோடது. ‘எனக்கு நேரமில்ல, நீங்களே ஒண்ணு நல்லதாப் பார்த்து வாங்கிட்டு வாங்க’ன்னு எங்களை அனுப்பினார்” என்றார் தையல்காரர்.

“நாங்க சுவருக்கு இந்தப் பக்கம், பதினொன்னாம் நம்பர்” என்றாள் மனைவி பெருமையோடு. “எங்ககிட்ட டிவியே கிடையாது!”