இருந்தால் போதும்

இணையத்தில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் மேகக் கணினிக் கிடங்கு ஒன்றில், ஒரு பாட்டுக் குழுவின் ஒலிப்பதிவுகள் இருந்த அறைக்கு ஒரு பூட்டு காவல் இருந்தது. யார் கதவைத் தட்டினாலும் அது பின்னறைக்கு ஓடும். அங்கே குழுவின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆவணம் உண்டு. தட்டியவரின் ஆவணம் இருந்தால் கதவு திறக்கும். இல்லையென்றால் திறக்காது.

அந்தப் பின்னறைக்குள் பூட்டைத் தவிர வேறு யாரும் போக முடியாது.

குழுவின் உறுப்பினரான பரிமளம் தினமும் பாட்டுக் கேட்க வருவாள். பூட்டு ஓடிப்போய் அவளுடைய ஆவணத்திடம், "இருக்கியா?" என்று கேட்கும்.

"இருக்கேன். கொஞ்சம் நில்லேன். எனக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவையாவது படிச்சுப் பாரேன்."

"எனக்கெதுக்கு அதெல்லாம்? நீ இருந்தாப் போதும். வாசல்ல ஆள் நிக்குது."

ஒரு நாள் குழுத் தலைவர் பரிமளத்தை நீக்கிவிட்டார். அதோடு அவளுடைய ஆவணமும் தானாகவே அழிந்துவிட்டது. விஷயம் தெரியாமல் அவள் வந்து தட்டினாள்.

"இருக்கியா?" என்றது பூட்டு.

ஆவணம் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அதன் வேலைக்கு ஒரு முறை கேட்டாலே போதும். ஆனாலும் மறுபடி கேட்டது. கதவு திறக்கவில்லை.

வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பரிமளம் திரும்பிப் போனாள்.

அடுத்து இன்னோர் உறுப்பினரான தங்கவேலு வந்து தட்டினார். பூட்டு அவருடைய ஆவணத்திடம் போனது.

"இருக்கியா?"

"இருக்கேன்."

பூட்டு நகரவில்லை. "உனக்குள்ள என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டது.

"உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றது ஆவணம். "வாசல்ல ஆள் நிக்குது, போ."