முதிராத மூளை

“எந்தம்பியப் பெரியவங்க ஜெயிலுக்கு மாத்துங்க.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வக்கீல் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டேன்.

சிறுவர் கூர்நோக்கு இல்ல அதிகாரி சிரித்தார். “வீட்டுக்கு மொதப் பட்டதாரியாமே, அந்தத் திமிரா? மூளை முதிராதவனத் தண்டிக்கக் கூடாதும்மா. ஸ்கேன்ல முதிர்ந்துட்டான்னு வந்தா விட்டுருவோம்.”

பதினாறு வயதில் பைக் திருடியதற்காக உள்ளே வந்தவன் இசக்கிராஜா. இப்போது இருபத்து நான்கு. ஒவ்வொரு வருடமும் ஸ்கேன் எடுக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அவன் குழந்தையாகவே இருக்கிறான்.

“இவனோட சேந்து உள்ள வந்த கான்ட்ராக்டர் மகனுக்கு மட்டும் மூணே மாசத்துல முதிர்ந்துட்டோ?”

“மெஷின் சொல்லுது. நான் என்ன செய்ய?”

“மெஷின யாரு ஓட்டுதா?”

அவர் ஃபைலை மூடி வைத்தார்.

“ஜெயில்னா என்னைக்கு வருவான்னாவது தெரியும் சார். அவன் வெவரம் தெரிஞ்சேதான் திருடினான்னு கோர்ட்ல நானே சாட்சி சொல்லுதேன்.”

அவர் கூப்பிடக் கூப்பிட வெளியே நடந்தேன்.