இன்ஜின் கோளாறு

"படகு வேண்டாம்னா வேண்டாம். இந்தத் தீவுல நான் ஒரு தடவை ஏமாந்தது போதும்!"

கடற்கரையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் உஷார் மாமா.

சொந்தக்காரர்கள் வைத்த பெயர் அது. கடைக்காரரின் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தக்காளியையே தொடுவார்.

மாமா, அத்தையின் கல்யாண நாளுக்காகப் பிள்ளைகள் அனுப்பிவைத்த பயணம். தேனிலவுக்கு வந்த அதே தீவு. சீசன் நேரம் என்பதால் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மாமாவின் கண்ணில் கடல் படவில்லை. ஏமாற்றுக்காரர்கள்தான் பட்டார்கள்.

"நீங்க சொல்ற ஓட்டலை மூடிட்டாங்க சார், வேற நல்ல இடம் காட்டறேன்" என்ற டாக்சிக்காரனின் எதிரிலேயே ஓட்டலுக்குப் போன் போட்டு அவன் மானத்தை வாங்கினார். தோளில் கிளியை உட்காரவைத்துப் போட்டோ எடுக்க வந்தவனைக் கிளியோடு விரட்டினார். வாடகை ஸ்கூட்டரில் ஏற்கெனவே இருந்த கீறல்களை ஒன்றுவிடாமல் படம் பிடித்துக்கொண்டார்.

அத்தையை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

"நாளைக்கு ஊருக்குக் கிளம்பிடுவோம். ஒரே ஒரு தடவைங்க, அந்த மணல்திட்டு வரைக்கும்." காலையில் தனியாக நடந்துவிட்டு வந்ததிலிருந்து அத்தை இதையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மணல்திட்டு என்றதும் மாமா கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அவர் அங்கே ஏமாந்த கதை குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கல்யாணமான புதிது. கூட்டிக்கொண்டு போன படகுக்காரன் திரும்பும் நேரத்தில், "இன்ஜின் கோளாறு சார்" என்று கையை விரித்துவிட்டான். சாயங்காலம் முழுக்க அங்கேயே கிடந்தார்கள். "இன்ஜினுக்கு ஒரு கேடும் இல்ல. வேணும்னே நிறுத்தி வச்சிருக்கான் பாவி!" என்று மாப்பிள்ளை வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

சொல்லாமல் விட்டதும் உண்டு.

அன்றைக்கு மழை வந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு ஓட்டைப் படகுக்கு அடியில் இரண்டு பேரும் ஒண்டிக்கொண்டார்கள். பெண் பார்த்த நாளிலிருந்து 'ம்', 'சரி' தவிர வேறு பேசியிராத மாமா, அப்பா தன்னைப் பள்ளிக்கூட வாசலில் வைத்து அடித்ததைச் சொன்னார். ஒரு பாட்டுகூடப் பாடினார். சுருதி பக்கத்தில்கூட வரவில்லை. அத்தை சிரித்த சிரிப்பில் அவள் தலை படகில் இடித்தது. அப்புறம் வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடியதில் அப்படி ஒரு சாயங்காலம் வாய்க்கவே இல்லை. அந்தச் சாயங்காலத்தை மாமா மறக்கவும் இல்லை.

"சரி, வா. ஆனா படகை நான் பார்த்த பிறகுதான் ஏறணும்."

"அந்த நரைச்ச மீசைக்காரர் படகுல போகலாங்க."

மாமா பெட்ரோல் டாங்கைத் தட்டிப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். போக, வர எவ்வளவு என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். மீசைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"அரை மணி நேரச் சவாரிக்கு ஃபிளாஸ்க் எதுக்கு?" என்று அத்தையின் பையைப் பார்த்துக் கேட்டார் மாமா.

"இருக்கட்டும்ங்க."

"குடை வேற!"

"வெயிலுக்கு."

"சாயங்காலத்துல ஏது வெயிலு?"

அத்தை படகில் ஏறிக்கொண்டாள்.

மணல்திட்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். "பார்த்தாச்சுல்ல, கிளம்பு" என்று மாமா திரும்பினார். படகுக்காரர் இன்ஜின் கயிற்றை இழுத்தார். சத்தம் வரவில்லை. மறுபடி இழுத்தார். ஊஹூம்.

"இன்ஜின் கோளாறு சார்."

இத்தனை வருஷம் காத்திருந்த வெற்றி மாமாவின் முகத்தில் ஜொலித்தது. "பார்த்தியா! நான் சொன்னேனா இல்லையா?"

பாய்ந்து போய் இன்ஜின் மூடியைத் திறந்தார். ஸ்பார்க் பிளக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

"யோவ், பிளக் எங்கய்யா? யார்கிட்ட உன் வேலையைக் காட்டற? எத்தனை பேரை இப்படி ஏமாத்தியிருக்க?"

படகுக்காரர் தலையைச் சொறிந்தார். அத்தையைப் பார்த்தார். அத்தை கடலைப் பார்த்தாள்.

"ரெண்டே தடவைதான் சார். ரெண்டு தடவையும் உங்களைத்தான்."

"என்னது?"

"அப்போ என் மீசை கறுப்பு. உங்களுக்கு அடையாளம் தெரியல." படகுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "'அவர் வாயே திறக்க மாட்டேங்கறாரு அண்ணே, கொஞ்ச நேரம் இன்ஜினை நிறுத்தி வையுங்க'ன்னு அம்மாதான் அன்னைக்கு அழுதுக்கிட்டே கேட்டாங்க. இன்னைக்குக் காலையில தேடிக்கிட்டு வந்து, 'இப்போ நல்லா பேசறாரு அண்ணே, ஆனா எங்கிட்ட இல்ல'ன்னாங்க."



படகுக்காரர் சட்டைப் பையிலிருந்து பிளக்கை எடுத்து நீட்டினார். "இந்தாங்க சார். மாட்டினா உடனே கிளம்பிடலாம்."

மாமா அதை வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். முதுகைக் காட்டியபடி நின்றிருந்த அத்தையைப் பார்த்தார். பிறகு பிளக்கைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

"கோளாறு பெரிசு போலிருக்கே அண்ணே. இருட்டற வரைக்கும் சரியாகாதுல்ல?" என்றபடி, ஃபிளாஸ்க்குக்காக அத்தையிடம் கையை நீட்டினார்.